மூச்சுக்குப் பறக்கும் பஞ்சு

மார்ச் 3, திங்கள்

லாண்டரியில் பெரிய டிரையர் மறுபடியும் மக்கர் செய்தது. ஓட்டல் படுக்கை விரிப்புகள் எல்லாம் ஈரம். நானும் இஸ்திரிக்காரரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கொடியில் போட்டோம். நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த விரிப்பைச் சுருக்கமில்லாமல் மடிக்க இந்தக் கடையில் என்னை விட்டால் ஆளில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்தான் நான். ஆனால் நான் மடித்ததைப் பார்த்தால் புதுசு என்றுதான் நினைப்பார்கள். இதை எழுதி வைக்கத் தோன்றுகிறது. ஏனென்றால் வீட்டில் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று ஆகிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் உருண்டை ஓடிவந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். என் பேத்தி. மூன்று வயது முடிந்துவிட்டது, இன்னும் ஒரு சொல் பேசவில்லை. காதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவாள். சிரிப்பு மட்டும் கீழ்வீடு வரை கேட்கும்.

வழக்கம்போல மடியில் போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தேன். மகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான்.

“அம்மா, இனிமே பாட்டு வேண்டாம்மா.”

மார்ச் 4

காரணம் இன்றுதான் தெரிந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் மகன் குழந்தையைக் கூட்டிப் போயிருக்கிறான். வீட்டில் எல்லாரும் வார்த்தையைத் தெளிவாகச் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் சொன்னாளாம். அவ்வளவுதான், மகன் சட்டம் போட்டுவிட்டான்.

மருமகளின் தாய்மொழி இந்தி. பள்ளிக்கூடத்தில் இந்தி டீச்சர். அதனால் குழந்தைக்கு முதலில் அம்மாவின் மொழி, பிறகு மற்றது என்று போன வருடமே முடிவு செய்தார்கள். சரி என்று நான் தமிழை விழுங்கிக்கொண்டேன். எனக்குப் பேச்சில் இந்தி வராது, பாட்டில் வரும். சின்ன வயதில் துணி ஆலையில் வேலை பார்த்தபோது ஒலிபெருக்கியில் பொழுதுக்கும் இந்திப் பாட்டுதான். அர்த்தம் தெரியாமலே அத்தனையும் மனப்பாடம். அதைத்தான் குழந்தைக்குப் பாடிக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் கூடாது. என் உச்சரிப்பு தப்பு.

“தப்பாவே காதுல விழுந்துட்டிருந்தா எது சரின்னு அவளுக்கு எப்படி அத்தை தெரியும்?” என்றாள் மருமகள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஒரு பிடி பிடித்திருப்பேன். கெஞ்சுகிற மாதிரி சொன்னாள்.

தமிழும் கூடாது. இந்தியும் கூடாது. அப்ப நான் என்ன, சீட்டி அடிக்கவா?

மார்ச் 6

உருண்டை என் மடியில் ஏறி உட்கார்ந்து, இரண்டு விரலால் என் வாயைத் திறந்து உள்ளே பார்த்தாள். பாட்டு எங்கே போனது என்று தேடுகிறாள்.

மார்ச் 8, சனி

இரண்டு விஷயம். கெட்டது முதலில்.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் மருமகள் குழந்தையைத் தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போகிறாளாம். “அங்க எல்லாரும் ஒரே மாதிரி பேசுவாங்க அத்தை.” எப்போது திரும்புவாய் என்று கேட்டேன். “அவ பேசட்டும்” என்றாள். பேசாவிட்டால்? அதை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் என்னதான் இருக்குமோ.

இரண்டாவது, லிஃப்டில் ஒட்டியிருந்த தாள். குடியிருப்போர் சங்கம் நடத்தும் இந்திப் பாட்டுப் போட்டி, ஐம்பது தாண்டியவர்களுக்கு. நடுவர்கள் மூன்று பேர். பாட்டு வாத்தியார், சங்கத் தலைவர், உச்சரிப்புக்கு என் மருமகள்.

நின்ற இடத்திலேயே எனக்குப் பொறி தட்டியது. தப்பு தப்பு என்கிறவள் வாயாலேயே சரி என்று வரவழைத்துவிட்டால்? அப்புறம் என்ன சொல்லி என் வாயை மூடுவார்கள்?

அடுப்படியில் அவளிடம் சொன்னேன். பதறிவிட்டாள்.

“ஐயோ அத்தை, நான் ஜட்ஜ். வீட்டு ஆளு பாடினா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? நான் விலகிக்கிறேன்.”

“விலகாதே. நீ இருக்கிறதாலதான் நான் சேர்றேன். உச்சரிப்புக்கு நீ எனக்குப் பாதிக்கு மேல மார்க் போட்டுட்டா, குழந்தைக்கு நான் பாடுவேன். நீங்க ஊருக்கும் போகக் கூடாது.”

“நான் சும்மா போட மாட்டேன்.”

“சும்மா போட்டா உன் கையை ஒடிப்பேன்.”

வெகுநேரம் பாத்திரத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சரி அத்தை” என்றாள். கேட்டதும் எனக்குப் பயமாகிவிட்டது. இனிமேல் பின்வாங்க முடியாது.

மார்ச் 11

இஸ்திரிக்காரருக்கும் தாய்மொழி இந்திதான். இங்கே வந்து தமிழ் கற்றுக்கொண்டவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், அம்மா என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் பாடிக் காட்டினேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும் தலையைச் சொறிந்தார்.

“குரல் தேன்மா. ஆனா காத்து வரல.”

“என்ன காத்து?”

டிரையரின் சல்லடையை உருவினார். அதில் துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருக்கும், தினமும் வழித்துக் குப்பையில் போடுவோம். ஒரு துணுக்கைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். கையை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பாட்டின் முதல் சொல்லைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பஞ்சு அப்படியே உட்கார்ந்திருந்தது. அவர் தன் உள்ளங்கையில் வைத்துச் சொன்னார். பறந்து போய் ஓட்டல் தலையணை உறைமேல் விழுந்தது.

அந்தச் சொல்லுக்கு ‘மறுபடியும்’ என்று அர்த்தமாம். பாட்டில் ஒவ்வொரு அடியும் அதில்தான் தொடங்குகிறது. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ‘பே’ போட்டு, அதன் முதுகில் ஒரு மூச்சை ஏற்றினால் எப்படியோ அப்படி. எங்கள் எழுத்தில் அந்த மூச்சுக்கு இடமில்லை.

இத்தனை வருஷமாக மூச்சில்லாமல் பாடியிருக்கிறேன்.

மார்ச் 13

பஞ்சு பறக்கவில்லை.

மார்ச் 14

பறக்கவில்லை. பலமாகச் சொன்னால் எச்சில் தெறிக்கிறது. மெதுவாகச் சொன்னால் பழையபடி. தாடையெல்லாம் வலி. “விட்டுடலாம்மா” என்றார் இஸ்திரிக்காரர். நீங்கள் விட்டால் வேறு யாரைப் பிடிப்பேன் என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

முதல் சுற்று, சங்கக் கூடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள், கூவுகிற மைக்.

எனக்கு முன்னால் எதிர் வீட்டு டாக்டரம்மா பாடினார். இந்தி பேசும் ஊரில் படித்தவர். ஒவ்வொரு சொல்லும் கழுவித் துடைத்த மாதிரி, ஆனால் சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அடுத்து நான். கூடத்தில் இருமல்கூட இல்லை. முடித்தபோது பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பெருமைக்காக எழுதவில்லை. பெருமைதான், இருக்கட்டும்.

நடுவர்கள் மைக்கில் பேசினார்கள். பாட்டு வாத்தியார், “இந்தம்மா பாட்டுல உசுரு இருக்கு. எழுத்து கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்ன? நாம கேக்க வந்தது பாட்டா, டிக்டேஷனா?” என்றார். கைதட்டல்.

மருமகள் மைக்கை வாங்கினாள். “எழுதினவர் ஒவ்வொரு வார்த்தையும் தேடித் தேடித்தான் எழுதியிருப்பார். அதைக் காயப்படுத்திட்டு உசுரு இருக்குன்னா எப்படி? அந்த மொழியே தெரியாதவங்களுக்கு வேணும்னா உசுரு இருக்கலாம். தெரிஞ்சவங்களுக்கு வலிக்கும்.”

யாரும் கை தட்டவில்லை. எனக்குப் பத்துக்கு மூன்று போட்டாள். மற்ற இரண்டு பேர் புண்ணியத்தில் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டேன். டாக்டரம்மாவும் வந்துவிட்டார்.

வீடு வரை நானும் மருமகளும் ஒரே லிஃப்டில் வந்தோம். அந்தப் போட்டித் தாள் இன்னும் அங்கே ஒட்டியிருந்தது.

மார்ச் 17

நாள் முழுக்க அவள்மேல் எரிச்சல். அதைவிட எரிச்சல், அவள் சொன்னது ஒட்டிக்கொண்டு விடாமல் இருப்பது. தமிழ்ப் பாட்டில் ‘ழ’ வராமல் ‘ல’ என்று இழைக்கிற பாடகன் வந்தால் நான் என்ன செய்வேன்? ரேடியோவை அமர்த்துவேன். வாயில் கொழுக்கட்டையா என்பேன். அவன் குரலில் உயிர் இருக்கிறதா என்று என்றைக்காவது கேட்டேனா?

இல்லை. ஆனால் அவனிடமிருந்து யாரும் குழந்தையைப் பிரிக்கவில்லையே.

மார்ச் 19

பறந்துவிட்டது! கடையில், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால். பஞ்சு எழும்பி என் மூக்குக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. இஸ்திரிக்காரர் சிரித்த சிரிப்பில் ஒரு சட்டைக் காலரைத் தீய்த்துவிட்டார்.

“இதுதான்மா! எங்கம்மா இப்படித்தான் பாடுவாங்க.” அவர் கண் கலங்கியிருந்தது. அம்மா இப்போது இல்லை.

மார்ச் 21

ஒரு சிட்டிகைப் பஞ்சை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குக் கொண்டு வருகிறேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பழகுகிறேன், சத்தம் வெளியே போகாமல் இருக்க. சொந்த வீட்டில் திருடி மாதிரி. கதவுத் தாழ்ப்பாள் கழன்று தொங்குகிறது, சரிசெய் என்று மகனிடம் எத்தனை முறை சொல்லியாகிவிட்டது.

இன்று திரும்பினால் கதவிடுக்கில் உருண்டையின் ஒரு கண். பஞ்சு பறந்ததும் கெக்கெக்கே என்று சிரித்தாள். விரலை உதட்டில் வைத்து உஸ் என்றேன். அவளுக்கா சொல்ல வேண்டும் சும்மா இரு என்று?

மார்ச் 25

மகன் பரணிலிருந்து பெட்டியை இறக்கினான். உருண்டை அதற்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு விளையாடினாள்.

எனக்குத் தாளவில்லை. வாய் விட்டுவிட்டேன். “நான் பாடினதாலதான் குழந்தை ஊமையாப் போச்சுன்னு நேராச் சொல்லிடு. ஏன் சுத்தி வளைக்கிற?”

மருமகள் துணி மடிப்பதை நிறுத்தினாள். “நான் கல்யாணமாகி வந்தப்ப என் தமிழைக் கேட்டு வீடே சிரிச்சுது அத்தை. நீங்கதான் முதல்ல சிரிச்சீங்க. நான் வாயை மூடிட்டு மூலையில உக்காந்தேனா? தப்புத் தப்பாப் பேசித்தான் கத்துக்கிட்டேன். என் பொண்ணு அந்தத் தப்பைக்கூடப் பேச மாட்டேங்குறாளே. நான் என்னதான் பண்றது? சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?”

அழுதாள். நான் போய்த் தொட்டிருக்க வேண்டும். பெட்டி குறுக்கே இருந்தது.

மார்ச் 28

பயமாக இருக்கிறது. தொண்டைக்கு வெந்நீர்.

மார்ச் 30, ஞாயிறு

எழுத மனமில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஒவ்வொரு மூச்சையும் அதன் இடத்தில் வைத்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. உள்ளங்கையில் பஞ்சு இருந்திருந்தால் கூடத்தைத் தாண்டிப் போயிருக்கும். இரண்டாவது அடியில் டாக்டரம்மா பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் ஏதோ கிசுகிசுத்தார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அந்தப் பக்கத்து வரிசை முழுக்க ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் சிரிப்புதான். மூச்சு பிடிக்க முடியாமல் கடைசி அடியில் குரல் உடைந்துவிட்டது.

மருமகள் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பேனா நகரவில்லை. பிறகு நகர்ந்தது. நாலு.

பாதிக்கு மேல் இல்லை. பாதிகூட இல்லை.

வீட்டில் சொன்னாள். “அத்தை, மூச்செல்லாம் அவ்வளவு அழகா வந்துச்சு. ஆனா அது பாட்டுல இருக்கிற இந்தி இல்ல. ‘பி’ன்னு வரணும், நீங்க ‘பே’ன்னு இழுக்கிறீங்க. வேற ஊருப் பேச்சு. கிராமத்துல அப்படிச் சொல்லுவாங்க. யார் சொல்லிக் கொடுத்தா?”

நான் யார் பெயரையும் சொல்லவில்லை.

இந்தியிலயும் எத்தனை இந்திடா சாமி? ஒருத்தர் அம்மா பாடினது இன்னொருத்தருக்குத் தப்பா? நான் யார்கிட்டப் போய்க் கத்துக்கறது? எந்த வாயை வாங்கிட்டு வரது?

மார்ச் 31

“ஜெயிச்சீங்களாம்மா?” என்றார் இஸ்திரிக்காரர். தொண்டை கட்டிக்கொண்டது என்றேன். அவருடைய அம்மாவைத் தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஏப்ரல் 2

பெட்டி பாதி நிறைந்துவிட்டது. அவளுடைய சின்னச் சட்டைகளை நான்தான் மடித்து வைத்தேன். மடிக்கத் தெரிந்தவள் நான்தானே.

ஏப்ரல் 4, வெள்ளி

மருமகள் பள்ளியில், மகன் வேலையில். எனக்கு லீவு. நான் சன்னல் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உருண்டை வந்து என் முந்தானை முடிச்சைப் பிரித்தாள். பழைய பஞ்சு இன்னும் அதில் இருந்தது. என் உள்ளங்கையை விரித்து, நடுவில் அதை வைத்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாடக் கூடாது. பேசவும் கூடாது. ஊதினேன். காற்றுக்கு என்ன பாஷை?

பறந்தது. தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். வைத்தாள். ஊதினேன். மறுபடி எடுத்து வந்தாள். இந்த முறை நான் ஊதவில்லை, களைப்பு. அவள் காத்திருந்தாள். என் கையை ஆட்டினாள். பிறகு குனிந்து, உதட்டைச் சேர்த்து, அந்தச் சொல்லைச் சொன்னாள்.

பே. முதுகில் மூச்சோடு. பஞ்சு பறந்தது.

நான் கேட்டது நிஜமா? மறுபடி பஞ்சை வைத்தேன். வைத்துவிட்டு அசையாமல் இருந்தேன். என் கையைத் தட்டிக் கேட்டாள், “பே!”

வெறும் சத்தம் இல்லை அது. மறுபடியும் என்கிறாள். மறுபடியும் ஊது என்கிறாள். மூன்று வருடத்தில் முதல் சொல், என்னிடம் கேட்ட சொல்.

கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள்.

ஏப்ரல் 5

சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வேன்? குழந்தை பேசிவிட்டாள், ஆனால் நீ நாலு மார்க் போட்ட அந்தச் சொல்லைத்தான் பேசினாள் என்றா? குளியலறையில் ஒளிந்து நான்தான் பழக்கினேன் என்றா? பெற்றவளிடம் மறைப்பது பாவம். தெரியும். சொன்னால் பெட்டியை நாளைக்கே தூக்கிவிடுவாள் என்பதும் தெரியும். சொல்லாவிட்டால் அடுத்த வாரம் தூக்குவாள். இரண்டில் எது கொஞ்சம் தாங்கும்?

உருண்டை சாப்பிடும்போது என்னைப் பார்த்துக் கள்ளச் சிரிப்பு சிரிக்கிறாள்.

ஏப்ரல் 7

இன்று சொல்லலாம் என்று இருந்தேன். மருமகள் தலைவலி என்று சீக்கிரம் படுத்துவிட்டாள். எனக்கு ஒரு சாக்கு.

ஏப்ரல் 8, செவ்வாய்

மதியம். விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். லாண்டரிக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மருமகள் வந்தாள், இடுப்பில் உருண்டை. இத்தனை வருடத்தில் அவள் இந்தக் கடைக்குள் வந்ததில்லை. பள்ளிக்குப் போகவில்லை, தலை கலைந்திருந்தது. தெரிந்துவிட்டது.

“அத்தை, அந்தப் பஞ்சு இருக்கா?”

விரிப்பைக் கீழே வைத்தேன்.

“உங்க புடவையில ஒட்டிட்டு வர்றது வீட்டுல இருந்துச்சு, தொலைஞ்சு போச்சு. காலையில என் கையை விரிச்சு அதை வச்சா. வச்சுட்டு...” அவளால் முடிக்க முடியவில்லை. “அவ பேசினா அத்தை.”

“தெரியும்” என்றேன். “நாலு நாளா தெரியும். உன்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு.”

என்னையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன் என்று நின்றேன். அவள் பக்கத்தில் இருந்த துணிமூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“என்கிட்ட எதுக்கு அத்தை பயம்?” என்றாள். கேட்டுவிட்டு, அவளே தலையைக் குனிந்துகொண்டாள்.

பயிற்சிக்காரப் பெண்ணுக்குப் போன் செய்தாளாம். “பாட்டை நிறுத்துங்கன்னு நான் சொல்லவே இல்லையே! நிறையப் பேசுங்க, பாடுங்க, எந்த பாஷையா இருந்தாலும் சரின்னுதானே சொன்னேன்” என்று அந்தப் பெண் பதறினாளாம். மகன் பாதியைக் கேட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறான். அவன் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான்.

இஸ்திரிக்காரர் ஒன்றும் கேட்காமல் சல்லடையை உருவிப் பஞ்சைக் கொடுத்தார். மருமகள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னாள், புத்தகத்தில் உள்ளபடி, சுத்தமாக. பஞ்சு அழகாகப் பறந்தது. உருண்டை சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் மறுபடி சொன்னாள். குழந்தை என் பக்கம் திரும்பிவிட்டாள்.

“காலையிலேர்ந்து இப்படித்தான். நான் சொன்னா திருப்பிச் சொல்ல மாட்டேங்குறா. நீங்க எப்படிச் சொன்னீங்க? சொல்லிக் குடுங்க அத்தை.”

“அது தப்பாச்சேம்மா.”

“தப்புதான். போட்டியில இப்ப பாடினாலும் நான் நாலுதான் போடுவேன்.”

“போடு. அது உன் வேலை.”

“இது போட்டி இல்லையே அத்தை.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சொல்லுங்க.”

சொன்னேன். அவள் சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம் இறுக்கமாக வந்தது, வாயை இன்னும் அகட்டு என்றேன். மறுபடி சொன்னாள். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் இழுக்கணும் டீச்சர்” என்றார். இழுத்தாள். உருண்டையின் தலை திரும்பியது.

“பே!” என்றாள் குழந்தை, கையை நீட்டி.

“இப்ப சரி” என்றேன் மருமகளிடம்.

ஏப்ரல் 9

உருண்டை வேறு சொல் எதுவும் சொல்லவில்லை. இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். இன்னும் பயம் போகவில்லை.

ஏப்ரல் 19, சனி

மருமகள் இன்று தண்ணீரைக் காட்டித் தன் இந்தியில் ஒரு சொல் சொன்னாள், நான் என் தமிழில் ஒரு சொல் சொன்னேன். குழந்தை இரண்டையும் கேட்டுவிட்டு டம்ளரைக் கவிழ்த்தாள்.

பெட்டியை மகன் பரண்மேல் ஏற்றிவிட்டான். குளியலறைத் தாழ்ப்பாளையும் சரிசெய்யப் பார்த்தான், வேண்டாம் என்றேன். டிரையர் சல்லடையை இனிமேல் நான்தான் வழிப்பேன் என்று கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் தெரியாமல் குப்பையில் கொட்டிவிடக் கூடாது.